இரண்டாம் வகுப்பில் நொண்டியும் எறிதலும்: ஒரு நடுநிலைப் பள்ளியின் அரையாண்டுப் பதிவு

பின்னணி

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை. நான் அங்கே பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர். வாரத்தில் மூன்று அரைநாள் போவேன். எனக்கு ஒதுக்கப்பட்டது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள்தான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணையிலேயே பகுதிநேரப் பயிற்றுநர் என்பது ஆறு முதல் எட்டு வரை நூறு பேருக்கு மேல் படிக்கும் இடத்துக்குத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. விளையாட்டுத் திடலும் விளையாட்டுப் பொருள்களும் எல்லாப் பள்ளிக்கும் வேண்டும் என்கிறது அதே அட்டவணை. அவற்றை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்பதைப் பற்றிப் பேச்சில்லை. அதனால் ஒன்று முதல் ஐந்து வரை உடற்கல்விப் பாடவேளை வகுப்பாசிரியர் பொறுப்பு.

அந்தப் பாடவேளை எப்படி நடக்கும் என்று தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வரிசை, அட்டென்ஷன், ஸ்டாண்டட்டீஸ், திடலைச் சுற்றி ரெண்டு ரவுண்டு, அப்புறம் ஒரு பந்தைக் கொடுத்து "சண்டை போடாம விளையாடுங்க". பாடம் முடியாவிட்டால் முதலில் பறிபோவதும் அதுதான். இதில் வகுப்பாசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022இல் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்று வரை கற்பிப்பவர்களுக்குச் செயலியில் மதிப்பீட்டைப் பதிவேற்றவே நேரம் போதுவதில்லை.

2023 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு எறிபந்து தொடங்கினேன். பெண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு சர்வீஸ் வலைக்கு மேல் போகவில்லை. கையில் வலுவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே பிள்ளைகள் நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடுவரை போகிறவர்கள். உற்றுப் பார்த்தால் எறியும்போது இரண்டு காலும் தரையில் ஊன்றியபடி இருந்தன. நெஞ்சு நேராக வலையைப் பார்த்தபடி. முழங்கைக்குக் கீழே மட்டும்தான் அசைவு. எறிபந்தின் விதிகளைச் சொல்லித்தர வேண்டிய வயதில் எறிவது எப்படி என்று தொடங்க வேண்டியிருந்தது. அமெரிக்க உடற்கல்வி ஆய்வாளர் வெர்ன் சீஃபெல்ட் 1980இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: ஓடுதல், தாவுதல், எறிதல், பிடித்தல் போன்ற அடிப்படை இயக்கத் திறன்களுக்கும் பிற்கால விளையாட்டுகளுக்கும் நடுவே ஒரு தடை இருக்கிறது, முதலாவதில் தேறாத பிள்ளை இரண்டாவதுக்குப் போகும்போது அங்கேயே நின்றுவிடுகிறது என்பது அவர் கருத்து. வளர வளர எல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்மூரில் சொல்வது ஓடுவதற்கு ஓரளவு பொருந்தும். எறிவதற்குப் பொருந்தாது.

தலைமை ஆசிரியையிடம் பேசினேன். கீழ் வகுப்பு ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்கிறேன், வாரம் ஒரு பாடவேளை போதும் என்றேன். அவர் இரண்டாம் வகுப்பைத் தந்தார். 26 பிள்ளைகள், 14 பெண்கள், 12 ஆண்கள். ஆறு முடிந்து ஏழு நடக்கிற வயது. ஒன்றாம் வகுப்பில் இன்னும் அழுகை ஓயவில்லை என்பது ஒரு காரணம். இரண்டாம் வகுப்பு ஆசிரியை இதற்கு ஒத்துழைப்பார் என்பது இன்னொன்று. அவர் உடனே சம்மதித்துவிடவில்லை. "சார், வாரத்துல ஒரு நாள் நீங்க வந்துட்டுப் போனா என்ன மாறும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முதலில் பார்ப்போம் டீச்சர், அப்புறம் முடிவு செய்வோம் என்று விட்டேன்.

முதலில் பார்த்தது

எதையும் கற்பிக்காமல் பார்க்க மட்டும் சில பாடவேளைகளை ஒதுக்கினேன். பார்ப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் டேல் உல்ரிக் அடிப்படை இயக்கத் திறன்களைப் பார்ப்பதற்காக உருவாக்கிய டி.ஜி.எம்.டி. என்ற மதிப்பீடு மூன்று வயது முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. அதன் மூன்றாம் பதிப்பில் 13 திறன்கள்: ஆறு இடம்பெயர்பவை, ஏழு பந்தைக் கையாள்பவை. ஒவ்வொரு திறனுக்கும் மூன்று முதல் ஐந்து வரை கூறுகள். ஒரு முறை செய்து காட்ட வேண்டும், பிள்ளைக்கு ஒரு பழக்க வாய்ப்பு, அப்புறம் பார்த்துக் குறிக்க இரண்டு வாய்ப்பு. பந்து எவ்வளவு தூரம் போனது என்று இது கேட்பதில்லை. கால் முன்னே வந்ததா, இடுப்பு திரும்பியதா என்றுதான் கேட்கிறது. முறைப்படி மதிப்பெண் போட நான் அதைப் பயன்படுத்தவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஓட்டத்தில் பெரிய குறை இல்லை. நின்ற இடத்திலிருந்து இரு காலால் தாவும்போது கை பின்னால் போய் முன்னால் வீசப்படவில்லை; அது சொல்லிக்கொடுத்தால் வந்துவிடக்கூடியது. பார்க்க வேண்டியவை வேறு மூன்று.

முதலாவது நொண்டி. பழகிய காலில் நாலைந்து எட்டு போனார்கள். மறுகாலில் ஒன்றிரண்டு எட்டிலேயே மற்றக் கால் தரையைத் தொட்டது. பல பிள்ளைகள் தூக்கிய காலின் பாதத்தைப் பின்னால் கையால் பிடித்துக்கொண்டு நொண்டினார்கள். தெருவில் அப்படித்தான் விளையாடுகிறார்கள், பார்க்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் நொண்டிக்குக் கூடுதல் விசை தருவது தூக்கிய காலின் ஊசலாட்டமும் கைவீச்சும்தான். கை காலைப் பிடித்துக்கொண்டால் இரண்டும் போய்விடுகின்றன. பிறகு எல்லா வேலையும் ஊன்றிய காலுக்குத்தான்.

ஒரு பையனால் எந்தக் காலிலும் ஒரு முறைகூட நொண்ட முடியவில்லை. ஒற்றைக்காலில் மூன்று வினாடி நிற்பதற்கே சுவர் தேவைப்பட்டது. அவனைத் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது எறிதல். தோளுக்கு மேலே கை போய் எறிவதில் பார்க்க வேண்டியவை நான்கு: கை கீழிறங்கிப் பின்னால் போய்த் தொடங்குகிறதா; எறியாத பக்கம் இலக்கைப் பார்க்கும் அளவுக்கு இடுப்பும் தோளும் திரும்புகின்றனவா; எறியும் கைக்கு எதிர்க்கால் முன்னே வருகிறதா; எறிந்த கை உடலைக் கடந்து எதிர்ப்பக்க இடுப்பை நோக்கி இறங்குகிறதா. ஆறாம் வகுப்பில் பார்த்ததே இங்கே இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பெரும்பாலோருக்குக் கால் அசையவே இல்லை. அசைந்த சிலருக்கும் வலக்கையால் எறியும்போது வலக்காலே முன்னே வந்தது. ஆண்பிள்ளைகளில் நாலைந்து பேர், கிரிக்கெட் விளையாடும் அண்ணன்மார் உள்ளவர்கள், நன்றாகவே எறிந்தார்கள். பெண்பிள்ளைகளில் அப்படி ஒருத்திதான்.

மூன்றாவது பிடித்தல். நான் உருட்டிப் போட்டாலும் தூக்கிப் போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தார்கள். பள்ளியில் இருந்தது கடினமான ரப்பர் பந்து. மேலே பட்டால் சுரீர் என்று இருக்கும். அவர்கள் பயந்ததில் தவறில்லை.

இவை தவிர இன்னொன்று கண்ணில் பட்டது. அளவுகோலில் அதற்கு இடமில்லை. ஒரே வரிசை, ஒரே பந்து. நாற்பது நிமிடத்தில், பந்தைத் தேடி எடுத்து வரும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு பிள்ளைக்கு நான்கு தடவைக்கு மேல் எறிய வாய்ப்பு வராது. அந்த நான்கையும் எல்லோரும் பெறவில்லை. ஒரு சிறுமி தன் முறை நெருங்கும்போதெல்லாம் பின்னால் நிற்பவளின் கையைப் பிடித்து முன்னே இழுத்துவிட்டு, தான் ஓர் அடி பின்னே போய் நிற்பாள். பார்ப்பவருக்கு அவள் வரிசையில்தான் இருக்கிறாள். அந்தப் பாடவேளை முழுதும் அவள் கையில் பந்து வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"எனக்கு வேணாம் சார், அவ எறியட்டும். எனக்கு வராது சார்."

ஏழு வயதில் இந்தப் பேச்சு. இந்த வயதுப் பிள்ளைகள் பொதுவாகத் தங்கள் திறமையை உள்ளதைவிடக் கூடுதலாகவே நினைத்துக்கொள்வார்கள், அந்த மிதப்பு இருக்கும்போதே திறன்களைச் சேர்த்துவிட வேண்டும் என்று உடற்கல்வியில் சொல்வார்கள். சிலருக்கு அந்த மிதப்பு சீக்கிரமே வற்றிவிடுகிறது.

எடுத்த முடிவுகள்

டிசம்பர் அரையாண்டுத் தேர்வு வரை நொண்டி, எறிதல், பிடித்தல் ஆகிய மூன்றையும் மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தோம். மற்றவற்றை விளையாட்டுகள் பார்த்துக்கொள்ளட்டும். வாரம் ஒரு பாடவேளையில் பதின்மூன்றையும் தொட்டால் ஒன்றும் ஒட்டாது.

அடுத்தது பொருள். சமக்ர சிக்ஷா என்ற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருள்களுக்கு ஆண்டு மானியம் உண்டு: தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாய். வாலிபால், வலை, கேரம் பலகை என்று மேல் வகுப்புகளுக்கே அது தீர்ந்துபோகும். அந்தப் பணத்துக்காக வாதாடவில்லை. பழைய நாளிதழைக் கசக்கி உருட்டி, மேலே பழந்துணி சுற்றி, சைக்கிள் டியூபைக் குறுக்காக வெட்டிய ரப்பர் வளையங்களைப் போட்டு இறுக்கினால் ஒரு பந்து. ஆளுக்கு ஒன்று. வகுப்பாசிரியை ஒரு கைவேலைப் பாடவேளையில் பிள்ளைகளை வைத்தே செய்து முடித்துவிட்டார். இந்தப் பந்து பட்டால் வலிக்காது. உருண்டு ஓடாது, போட்ட இடத்திலேயே கிடக்கும். இந்த வயதுக்குக் கடைப் பந்தைவிட இது மேல் என்றே சொல்வேன், காசு இருந்தாலும்.

மூன்றாவது, எப்படிச் சொல்லித்தருவது. "இடது காலை முன்னே வை, இடுப்பைத் திருப்பு, கையைப் பின்னால் கொண்டுபோ" என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் அடுக்கினால், அது எறிவதை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்து நிற்கும். இடம் வலமே பலருக்குத் தடுமாற்றம். உடல் அசைவுகளை ஆய்ந்த கார்ல் நியூவெல் 1986இல் முன்வைத்த பார்வை எனக்கு இங்கே கைகொடுத்தது: அசைவு என்பது பிள்ளையின் உடல், கொடுத்த வேலை, சுற்றியுள்ள இடம் ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்குவது. உடலை உடனே மாற்ற முடியாது. வேலையையும் இடத்தையும் மாற்றலாம். எனவே வாயால் திருத்துவதைக் குறைத்து, சரியான அசைவு வந்தால்தான் முடிக்க முடியும் என்கிற மாதிரி வேலையைக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம். ஒரு பாடவேளைக்கு ஒரே ஒரு சொல் திருத்தம்.

நான்காவது, வகுப்பாசிரியை கேட்ட கேள்விக்குப் பதில். நான் வராத நாள்களில் அவர் பத்து நிமிடம் ஒதுக்குவார். என்ன செய்வது என்பதை ஒரு தாளில் மூன்று வரியில் எழுதித் தருவேன். ரெண்டு ரெண்டாகவும் ஐந்து ஐந்தாகவும் எண்ணுவதைக் கட்டங்களில் நொண்டியடித்தே சொல்லவைக்கலாம் என்று அவரே யோசனை சொன்னார். கணக்கும் நடக்கும், நொண்டியும் நடக்கும். சம்மதித்ததற்கு அதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை

நொண்டியில் முதல் சிக்கல் தரையிலிருந்து வந்தது. எங்கள் திடல் செம்மண்ணும் சரளையும். வெறுங்காலில் நொண்டினால் குத்தும். செருப்போடு நொண்டினால் செருப்பு முன்னால் பறக்கும். இரண்டாம் வாரமே ஒரு சிறுமியின் அப்பத்தா வந்துவிட்டார். "ஏன் சார், படிக்க அனுப்புனா நொண்டியடிக்கச் சொல்றீங்களாமே? இந்தா பாருங்க, செருப்பு வாரு அந்து போச்சு." பள்ளியில் கொடுத்த விலையில்லாச் செருப்பு, அடுத்த ஜோடி அடுத்த ஆண்டுதான். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து நொண்டி முழுவதும் வகுப்பறைகளுக்கு முன்னால் உள்ள சிமெண்டுத் தாழ்வாரத்துக்கு மாறியது. பெருக்கிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு. சாக்பீஸால் நாலு பாண்டிக் கட்டம். ஒரு கட்டத்துக்கு ஆறேழு பேர்.

காலைப் பிடித்துக்கொள்ளும் பழக்கத்தை "பிடிக்காதே" என்று சொல்லிப் பார்த்தால் அடுத்த நொடி மறந்துவிடும். ஆளுக்கு இரண்டு துணிப்பந்தைக் கொடுத்து, கைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு நொண்டுங்கள், கீழே விழுந்தால் மறுபடி தொடங்க வேண்டும் என்றோம். கை மூடியிருப்பதால் காலைப் பிடிக்க முடியவில்லை. கட்டத்துக்குக் கட்டம் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டியதும் கை தானாக வீசத் தொடங்கியது. தூக்கிய காலும் அதோடு ஆடியது. இதற்கு நான் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போகும்போது ஒரு கால், திரும்பும்போது மறுகால் என்பது மட்டும் விதி.

எறிதலில் முதலில் வைத்தது டப்பாக்கள். பெஞ்சின் மேல் காலி டப்பாக்களை அடுக்கி, மூன்று மீட்டர் தள்ளி நின்று அடிக்கச் சொன்னோம். பிள்ளைகளுக்குக் குதூகலம்தான். ஆனால் எறிகிற விதம் மோசமானது. ஏற்கெனவே நன்றாக எறிந்த பையன்கள்கூட உடலை இறுக்கிக்கொண்டு, பந்தைக் காதருகே வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கி, மெல்லத் தள்ளினார்கள். டப்பா விழுந்தது. அந்த வேலைக்கு அந்தத் தள்ளலே போதும். பிறகு ஏன் காலை எடுத்து வைக்க வேண்டும்?

அடுத்த வாரம் டப்பாக்களை எடுத்துவிட்டோம். பள்ளியின் சுற்றுச்சுவரைப் பார்த்து நின்று, முடிந்த மட்டும் ஓங்கி அடிக்க வேண்டும். 'டொப்' என்று சத்தம் கேட்க வேண்டும். அவ்வளவுதான். துணிப்பந்து மெல்லப் பட்டால் சத்தம் வராது. குறி பார்க்கும் கவலை போனதும் முதல் நாளே சிலருக்குக் கை பின்னால் போனது. பிறகு தரையில் ஒரு தேங்காய்நார்க் கயிற்றைப் போட்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் பக்கவாட்டில் நிற்க வேண்டும், எறியும்போது ஒரு கால் கயிற்றைத் தாண்டி விழ வேண்டும் என்று வைத்தோம். எந்தக் கால் என்பதற்கு, எறியாத கையின் பக்கத்துக் கணுக்காலில் ஒரு பழந்துணித் துண்டு. "துணிக்கால்" என்பதுதான் அந்தப் பாடவேளையின் ஒரே சொல். 26 முடிச்சுப் போடவே நேரம் போகிறது என்று வகுப்பாசிரியை சில நாளிலேயே துணியை விட்டுவிட்டு, அந்தக் காலின் மேற்பாதத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அதுவே நல்ல வழி.

துணி கட்டும்போதுதான் அவர் இன்னொன்றையும் கவனித்தார். ஒரு பையன் வலக்கையால் எறிகிறான், ஆனால் பந்தைப் பொறுக்குவதும் சாக்பீஸை எடுப்பதும் இடக்கையால். கேட்டால், வீட்டில் இடக்கையை நீட்டினால் அடி விழும் என்றான். சோற்றுக்கையை மாற்றுவது எங்கள் வேலை இல்லை. எறிவதற்கு உனக்கு எது வசதியோ அதில் எறிடா என்று மட்டும் சொன்னோம். இடக்கைக்கு மாறியதும் அவன் வகுப்பில் நன்றாக எறிபவர்களில் ஒருவனாகிவிட்டான். அப்பா ஒரு நாள் வந்தபோது இதைச் சொன்னோம். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை, ஆட்சேபிக்கவும் இல்லை.

பின்னால் நழுவும் அந்தச் சிறுமிக்கு இப்போது நழுவ வரிசையே இல்லை. 26 பேரும் சுவரைப் பார்த்து ஒரே நேரத்தில் எறிகிறார்கள். பந்தை எடுக்கப் போவதும் என் விசிலுக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்துதான். யார் எப்படி எறிந்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. அவள் முதல் நாள் இரண்டு முறை எறிந்துவிட்டுப் பந்தைப் பாவாடையில் சுருட்டி வைத்துக்கொண்டாள். மூன்றாம் வாரத்தில் விசில் ஊதிய பிறகும் எறிந்துகொண்டிருந்தவர்களில் அவளும் ஒருத்தி. விதியை மீறியதற்காக அவளைக் கண்டித்தேன், உள்ளூர மகிழ்ச்சியோடுதான்.

ஆகஸ்ட் 25 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. எங்கள் கணக்கில் இல்லாத ஒரு மாற்றம் அதனால் வந்தது. ஒன்பது மணிக்கு ஓடிவந்த பிள்ளைகள் இப்போது எட்டேகாலுக்கே வந்துவிடுகிறார்கள். உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டு முடித்த பின் மணி அடிக்கும்வரை அரை மணி நேரம் யாருக்கும் வேலையில்லை. தாழ்வாரத்தில் பாண்டிக் கட்டங்கள் அழியாமல் கிடந்தன. சாப்பிட்டவுடன் குதிக்காதீர்கள் என்று சமையல் அக்கா சத்தம் போடுவார். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் பிள்ளைகள் நொண்டத் தொடங்கிவிடுவார்கள். மூன்றாம் வகுப்பும் சேர்ந்துகொண்டது. நொண்டியில் வந்த முன்னேற்றத்தில் என் பாடவேளையின் பங்கு எவ்வளவு, இந்த அரை மணியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பின்னதே கூடுதல் என்பது என் கணிப்பு.

ஒற்றைக்காலில் நிற்க முடியாத பையனை இவை எதுவும் அசைக்கவில்லை. ஆகஸ்ட் முடிவில் தலைமை ஆசிரியை மூலம் வட்டார வள மையத்துக்கு எழுதினோம். மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக அங்கே உள்ள சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வந்து பார்த்தார்கள். கவலைப்படும்படி ஒன்றும் தெரியவில்லை, இடுப்பும் கணுக்காலும் தளர்வாக இருக்கின்றன, சுவரைப் பிடித்துக்கொண்டு சில பயிற்சிகள் செய்யட்டும் என்று காட்டிக் கொடுத்தார் இயன்முறை மருத்துவர். அவனுக்கு மட்டும் தனிப் பயிற்சி என்றால் மற்றவர்கள் கேலி செய்வார்கள். அதனால் காலைக் கூடுகையில் வகுப்பே ஒற்றைக்காலில் நின்று பத்து எண்ணும். அவன் தூண் பக்கமாக நிற்பான்.

மழைக்காலம்

அக்டோபர் நடுவிலிருந்து திடல் சேறு. நனைந்த துணிப்பந்து கல் மாதிரி கனக்கும். பலவற்றை மறுபடி பிரித்துச் சுற்ற வேண்டியிருந்தது. எறிதல் ஏறக்குறைய நின்றுபோனது. பிடித்தலைத் தாழ்வாரத்தில் வைத்துக்கொண்டோம்.

பிடித்தலில் கண் மூடுவதுதான் முதல் எதிரி. மெதுவாக இறங்கும் பொருளைக் கொடுத்தால் கண் திறந்திருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் பை இதற்கு அருமையாக உதவும், மிதந்து மிதந்து இறங்கும். ஆனால் 2019 ஜனவரியிலிருந்து தடை செய்யப்பட்ட பொருளைப் பள்ளியிலேயே கொண்டுவந்து விளையாடச் சொல்ல முடியாதே. வகுப்பாசிரியை பழைய துப்பட்டாவைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தார். மேலே வீசி, தலைக்கு மேலே ஒரு கையால் பிடி. முழங்காலுக்குக் கீழே வந்த பிறகு பிடி. ஒரு முறை கைதட்டிவிட்டுப் பிடி. பிறகு பலூன். பிறகு துணிப்பந்தைத் தானே மேலே போட்டுத் தானே பிடிப்பது. அதுவரை நன்றாகப் போனது. இன்னொருவர் போடும் பந்தைப் பிடிப்பது என்று வந்ததும் பழையபடி முகம் திரும்பியது. போடுபவரும் ஏழு வயது. பந்து முழங்காலுக்கோ தலைக்கு மேலோதான் வருகிறது. எதிராளி சரியாகப் போட்டால்தான் பிடிக்கக் கற்க முடியும் என்கிற இந்த முடிச்சை அந்தப் பருவத்துக்குள் எங்களால் அவிழ்க்க முடியவில்லை.

டிசம்பரில் பார்த்தது

அரையாண்டுத் தேர்வுக்கு முன் மறுபடி பார்த்தோம். அதே முறை, அதே கூறுகள். வேகமாக நடப்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துக் குறிப்பது நம்பகமில்லை என்பதால், தலைமை ஆசிரியையின் அனுமதியோடு கைபேசியில் பதிவு செய்து, மெதுவாக ஓடவிட்டு இருவரும் தனித்தனியே குறித்தோம். பார்த்து முடித்ததும் அழித்துவிட்டோம்.

நொண்டியில் பழகிய காலில் ஏறக்குறைய எல்லோரும் தேறியிருந்தார்கள். காலைப் பிடிப்பது போய்விட்டது. மறுகாலில் பாதிக்கு மேற்பட்டோர் நான்கு எட்டு தொடர்ந்து போனார்கள். இயன்முறை மருத்துவர் பார்த்த பையன் தூணைத் தொட்டபடி ஒரு காலில் இரண்டு எட்டு வைத்தான்.

எறிதலில் கூறுக்குக் கூறு வேறுபாடு இருந்தது. எதிர்க்கால் முன்னே வருவது பெரும்பாலோருக்கு வந்துவிட்டது. கை பின்னால் போவதும் அப்படியே. இடுப்பு திரும்புவது சிலருக்குத்தான். எறிந்த பிறகு கை உடலைக் கடந்து இறங்குவது பாதிப் பேருக்கு. பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் இருந்த இடைவெளி குறைந்தது, மறையவில்லை. வராது என்று சொன்ன சிறுமி நான்கில் மூன்று கூறுகளைக் காட்டினாள். பிடித்தலில் அவளுக்கும் மாற்றம் இல்லை.

இதோடு விட்டிருந்தால் நல்ல செய்தியாக முடிந்திருக்கும். மறுநாள் ஏழாங்கல் விளையாட விட்டுப் பார்த்தோம். அடுக்கிய கல்லைப் பந்தால் கலைக்க வேண்டும். சுவரில் 'டொப்' என்று அடித்த அதே பிள்ளைகள் கல்லுக்கு முன்னால் வந்ததும் காலை ஊன்றி, பந்தைக் காதருகே கொண்டுபோய்த் தள்ளினார்கள். டப்பாக்களை வைத்தபோது பார்த்த அதே உடல். ஆனால் கல் அடுக்கை எட்டு ஒன்பது மீட்டர் தள்ளி வைத்தபோது எதிர்க்கால் திரும்பி வந்தது, குறி தவறினாலும்.

இந்தப் பதிவில் மற்ற ஆசிரியர்களுக்கு முக்கியமாகச் சொல்ல இருப்பது இதுதான். இந்தப் பருவத்தில் எறிதல் என்ற ஒரே திறன் பிள்ளையிடம் நிலையாகக் குடியேறிவிடவில்லை. கேட்கும் வேலைக்கு ஏற்ப அது தோன்றி மறைகிறது. பக்கத்தில் வைத்த சின்ன இலக்கு தள்ளலைக் கேட்கிறது. தூரமும் ஓங்கலும் எறிதலைக் கேட்கின்றன. நம் பள்ளி விளையாட்டு விழாக்களில் கீழ் வகுப்புகளுக்கு வைக்கப்படும் வாளியில் பந்து போடும் போட்டி பிள்ளைகளுக்குப் பரிசு தரும், எறியக் கற்றுத்தராது. வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதை எறிதல் பயிற்சி என்று கணக்கில் எழுத வேண்டாம்.

அடுத்த ஆண்டுக்கு மாற்றுவது

எறிதலை ஜூன், ஜூலையிலேயே முடிந்தவரை நடத்திவிட வேண்டும். அக்டோபருக்குப் பிறகு திடலை நம்ப முடியாது. இலக்கு வைப்பதை இரண்டாம் வகுப்பின் கடைசிப் பருவம்வரை தள்ளிப்போட்டு, அப்போதும் தூரத்திலிருந்து, பெரிய இலக்காக வைக்கலாம். சுவரில் வரைந்த ஒரு யானை போதும். இடுப்பு திரும்புவதற்குக் கயிற்றைத் தாண்டுவது மட்டும் போதவில்லை. எறிவதற்கு முன் பின்சுவரைக் கையிலுள்ள பந்தால் தொட்டுவிட்டு எறியச் சொல்லிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். அப்படித் தொட்டால் உடல் திரும்பித்தான் ஆக வேண்டும்.

பிடித்தலுக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் போடவைப்பதை விட்டுவிட்டு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வாரம் ஒரு நாள் போடுபவர்களாக அழைத்து வரப்போகிறோம். தரையில் ஒரு முறை குத்தி எழும் பெரிய, மென்மையான பந்தில் தொடங்கலாம். இதற்கு மட்டும் மானியத்திலிருந்து சில பந்துகள் கேட்டிருக்கிறேன். தலைமை ஆசிரியை பார்க்கலாம் என்றிருக்கிறார்.

வகுப்பாசிரியையின் பத்து நிமிடம் இந்த ஆண்டு அவருடைய நல்ல மனதால் நடந்தது. அவர் மாறுதலில் போய்விட்டால் அதுவும் போய்விடும். கால அட்டவணையிலேயே அதை எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம், இன்னும் முடிவாகவில்லை. பிள்ளைகளின் குறிப்பை மூன்றாம் வகுப்பு ஆசிரியரிடம் கொடுப்பதா என்பதிலும் பேச்சு நடக்கிறது. யார் யாருக்கு எது வரவில்லை என்ற பட்டியலாகக் கொடுத்தால் அது பிள்ளையின் மேல் ஒட்டிக்கொள்ளும் என்று வகுப்பாசிரியை சொல்கிறார். எந்தெந்த வேலையில் யார் யார் நன்றாகச் செய்தார்கள் என்று மட்டும் எழுதிக் கொடுப்பதாக இப்போதைக்கு இருக்கிறோம். தூணைப் பிடித்து நொண்டும் பையனின் குறிப்பு மட்டும் தனி. அது வட்டார வள மையக் கோப்பில் இருக்கிறது, ஜூனில் மறுபடி அவனைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறோம்.